கைகாட்டியைக் கேட்காமல் நம்பலாமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிப்பொறி அறிவியல்)

நம்பிக்கை இல்லாமல் உலகம் ஒரு நாள்கூட நடவாது. பேருந்தின் பெயர்ப்பலகையை நம்பி ஏறுகிறோம். மருத்துவர் எழுதிய சீட்டை நம்பி மாத்திரையை விழுங்குகிறோம். நம் பழனி மலைத்தொடரில் வண்டி ஓட்டுகிறவர், மூடுபனி இறங்கிய மாலை வேளையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது, 'பூம்பாறை', 'மன்னவனூர்' என்று எழுதிய கைகாட்டிப் பலகையை நம்பியே திரும்புகிறார். அந்தப் பலகையை எவனோ ஒருவன் இரவோடு இரவாகத் திருப்பி வைத்துவிட்டால் என்ன ஆகும்? எழுத்து மாறவில்லை, தூணும் உறுதியாகவே நிற்கிறது. ஆனால் வண்டி போய்ச் சேரும் இடம் வேறாகிவிடும்.

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய கைகாட்டிகள் உண்டு. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கோப்புகளைக் கொண்டுபோகும் மென்பொருள்கள் அவற்றைக் கேள்வி கேட்காமல் நம்பியதால் பலமுறை பெரும் ஆபத்தின் விளிம்புவரை சென்று திரும்பியிருக்கின்றன. இதை வல்லுநர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடாமல் நம் கல்லூரியிலும் பேச வேண்டும் என்ற விருப்பத்தால் இக்கட்டுரையை எழுதுகிறேன். ஒரு குறையைத் திருத்துவது வேறு. அக்குறை தரும் பாடத்தைக் கற்பது வேறு. முதலாவது நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது நடக்கவில்லை என்பதே என் தாழ்மையான கருத்து.

கைகாட்டிக் கோப்பு என்பது யாது?

யுனிக்ஸ் இயக்கமுறையில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் பல புதுமைகளைச் செய்தனர். அவர்கள் 1983-இல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்னும் பதிப்பின் வழியே 'சிம்பாலிக் லிங்க்' பரவலாயிற்று. மாணவர்கள் பேச்சுவழக்கில் 'சிம்லிங்க்' என்கிறோம். அதன் தன்மை விளங்கும்படி, இங்கே 'கைகாட்டிக் கோப்பு' என்றே குறிப்பிடுகிறேன்.

சாதாரணக் கோப்புக்குள் நம் கட்டுரையோ கணக்கோ படமோ இருக்கும். கைகாட்டிக் கோப்புக்குள் இருப்பது வேறொரு கோப்பின் முகவரி மட்டுமே. ஒரு நிரல் அதைத் திறக்கச் சொன்னால், இயக்கமுறை சத்தமில்லாமல் அந்த முகவரிக்குப் போய் அங்கே இருப்பதைத் திறந்து கொடுத்துவிடும். தான் கேட்ட கோப்பு ஒன்று, தனக்குக் கிடைத்த கோப்பு வேறொன்று என்பதே அந்த நிரலுக்குத் தெரியாமல் போகலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கைகாட்டிக் கோப்பை உருவாக்குகிறவருக்கு, அது சுட்டும் கோப்பைப் படிக்க அனுமதி இருக்க வேண்டியதில்லை. கல்லூரி முதல்வரின் இரகசியக் கோப்பையும் நான் சுட்டலாம். இல்லவே இல்லாத கோப்பையும் சுட்டலாம். சுட்டுவதற்கு அனுமதி தேவையில்லை, திறப்பதற்குத்தான் தேவை. அந்த அனுமதியும் சுட்டியவருடையதாக இருக்க வேண்டியதில்லை. திறப்பவருடையதாக இருந்தால் போதும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை முழுவதும் எளிதில் விளங்கிவிடும்.

"இத்தனை தொல்லை என்றால் இதை ஒழித்துவிடலாமே?" என்று சிலர் கேட்கக்கூடும். முடியாது. இன்றைய லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் அடிப்படைக் கட்டளைகள் இருக்கும் 'பின்' என்ற கோப்புறையே ஒரு கைகாட்டிதான். நூலகக் கோப்புகளின் புதிய பதிப்புக்கு வழிகாட்டுவதும், ஒரு வட்டில் இடம் போதாதபோது மற்றொரு வட்டுக்கு வழி திருப்புவதும் இவையே. கைகாட்டிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டால் மலைப்பாதை பாதுகாப்பாகிவிடாது. பாதையே இல்லாமல் போகும்.

மண்டியும் சீட்டும்

நம் மேல்மலைக் கிராமங்களில் விளையும் பூண்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போவதை இப்பகுதி மாணவர் அனைவரும் அறிவர். அங்கே ஒரு மண்டி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மண்டியில் பல அறைகள். ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் அறை. எல்லா அறைகளின் சாவியும், முதலாளியின் பணப்பெட்டி அறைச் சாவி உட்பட, கணக்குப்பிள்ளையின் இடுப்பில் இருக்கிறது.

ஒருவன் வந்து, "ஐயா, என் அறையில் இருப்பதை எடுத்து வண்டியில் ஏற்றுங்கள்" என்கிறான். கணக்குப்பிள்ளை நேர்மையானவர். அவன் அறையைத் திறக்கிறார். உள்ளே மூட்டை இல்லை. "சரக்கு பணப்பெட்டி அறையில் இருக்கிறது, அங்கே எடுத்துக்கொள்ளவும்" என்று ஒரு சீட்டுத்தான் இருக்கிறது. சீட்டில் உள்ளபடி அவர் பணப்பெட்டி அறைக்குப் போய், தம் சாவியால் திறந்து, உள்ளே இருந்ததை அப்படியே வண்டியில் ஏற்றிவிடுகிறார். பூட்டு உடையவில்லை, சாவி திருடு போகவில்லை, கணக்குப்பிள்ளை கையூட்டும் வாங்கவில்லை. ஆனாலும் திருட்டு நடந்துவிட்டது.

பிழை எங்கே? சீட்டு எழுதியவன் ஒருவன். சாவி வைத்திருப்பவர் மற்றொருவர். சாவி வைத்திருப்பவர் தம் அதிகாரத்தைச் சீட்டு எழுதியவனின் விருப்பத்துக்கு இரவல் கொடுத்துவிட்டார். நார்ம் ஹார்டி என்ற அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் 1988-இலேயே இதற்குக் 'குழம்பிய பிரதிநிதி' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டி ஒரு கட்டுரை எழுதினார். கோப்பு அனுப்பும் மென்பொருள்தான் நம் கதையின் கணக்குப்பிள்ளை. சீட்டுத்தான் கைகாட்டிக் கோப்பு.

2014: ஒரே பெயர், இரண்டு முகம்

இது வெறும் கற்பனை அன்று என்பதற்கு முதற்சான்று 'டபிள்யூகெட்' என்னும் மென்பொருள். இணையத்திலிருந்து கோப்புகளை இறக்குவதற்கு லினக்ஸ் பயன்படுத்துவோர் அன்றாடம் கையாளும் கருவி அது. எப்.டி.பி. முறையில் ஒரு சர்வரின் கோப்புறை முழுவதையும், உட்கோப்புறைகளோடு சேர்த்து, ஒரே கட்டளையில் அது இறக்கித் தரும். அந்த சர்வர் முதலில் ஒரு பட்டியலைத் தரும். அதைப் பார்த்து டபிள்யூகெட் ஒவ்வொன்றாக இறக்கும்.

தீய எண்ணம் கொண்ட ஒரு சர்வர் அந்தப் பட்டியலில் ஒரே பெயரை இரண்டு முறை எழுதலாம். முதல் முறை, 'இது ஒரு கைகாட்டி. உன் கணிப்பொறியின் வேர்க்கோப்புறையைச் சுட்டுவது' என்று. இரண்டாம் முறை, 'இது ஒரு கோப்புறை. உள்ளே இன்னின்ன கோப்புகள் இருக்கின்றன' என்று. டபிள்யூகெட் முதல் வரியைப் படித்து நம் கணிப்பொறியில் கைகாட்டியை நட்டுவைக்கும். இரண்டாம் வரியைப் படித்து அந்தப் பெயருக்குள் புகுந்து கோப்புகளை எழுதும். ஆனால் அந்தப் பெயர் இப்போது கோப்புறை அன்று, கைகாட்டி. ஆகவே அது இறக்கும் கோப்புகள் நாம் ஒதுக்கிய இடத்தில் விழாமல், நமக்கு எங்கெல்லாம் எழுத உரிமை உண்டோ அங்கெல்லாம் விழும். ஒருவர் நிர்வாகி உரிமையோடு அதை இயக்கியிருந்தால், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளைகளின் பட்டியலில்கூட அயலான் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். அதன்பின் அந்தக் கணிப்பொறி யாருடையது?

ரேப்பிட்7 நிறுவனத்தைச் சேர்ந்த எச்.டி. மூர் இதைக் கண்டறிந்தார். சி.வி.இ.-2014-4877 என்ற எண்ணில் பதிவாகி, 2014 அக்டோபரில் வெளிவந்த 1.16 பதிப்பில் திருத்தப்பட்டது. திருத்தம் மிக எளியது: சர்வர் சொல்கிறபடி கைகாட்டியை நம் வீட்டில் நடாதே, அது சுட்டும் கோப்பையே நேராக இறக்கிக்கொள். இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

2025: அதே கதை, வேறு மேடை

'ஆர்சிங்க்' என்ற மென்பொருளை ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்டனர். ஒரு பெரிய கோப்பில் ஒரு வரி மட்டும் மாறியிருந்தால், முழுக்கோப்பையும் மீண்டும் அனுப்பாமல் மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும் அழகான வழிமுறை அதில் உள்ளது. காப்புநகல் எடுக்கவும், பெரிய மென்பொருள் களஞ்சியங்களின் பிரதிகளை உலகெங்கும் பராமரிக்கவும் அது இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அறிவின் போக்குவரத்தில் பெரும்பங்கு அதன் தோளில் ஏறிச் செல்கிறது என்றால் மிகையாகாது.

2025 ஜனவரி 14-ஆம் நாள் ஆர்சிங்க்கின் 3.4.0 பதிப்பு வெளிவந்தது. அதனுடன் ஆறு பாதுகாப்புக் குறைகளும் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஐந்தைக் கண்டறிந்தவர்கள் கூகுள் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள். மிகக் கடுமையானது நினைவகத்தைச் சார்ந்த வேறு வகைக் குறை. அதற்கு 10-க்கு 9.8 என்று கடுமை மதிப்பீடு தரப்பட்டது. ஆனால் ஆறில் மூன்று, நம் கைகாட்டிக் கோப்பைச் சார்ந்தவை. அம்மூன்றும் மூன்று வெவ்வேறு பாடங்கள்.

முதலாவது, சி.வி.இ.-2024-12087. ஆர்சிங்க் மிகப் பெரிய கோப்புப் பட்டியலை ஒரே மூச்சில் பெறாமல் துண்டு துண்டாகப் பெறுகிறது. ஒரு பெயர் இருமுறை வருகிறதா என்ற சோதனை ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே நடந்தது. ஆகவே ஒரு துண்டில் கைகாட்டியாக வந்த பெயர், மற்றொரு துண்டில் கோப்புறையாக வந்தால் பிடிபடவில்லை. விளைவு, தீய சர்வர் நாம் குறித்த இடத்துக்கு வெளியே கோப்பை எழுத முடிந்தது. வாசகர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன்: இது 2014-இல் டபிள்யூகெட்டில் பார்த்த அதே தந்திரம் அல்லவா? ஒரே பெயர், இரண்டு முகம்!

இரண்டாவது, சி.வி.இ.-2024-12088. 'எல்லைக்குள் சுட்டும் கைகாட்டிகளை மட்டும் ஏற்றுக்கொள்' என்று கட்டளையிடும் வசதி ஆர்சிங்க்கில் உண்டு. கைகாட்டி சுட்டும் முகவரியை அது படித்துப் பார்க்கும்; எல்லைக்குள் இருப்பதாகத் தெரிந்தால் அனுமதிக்கும். ஆனால் அந்த முகவரியின் நடுவிலேயே இன்னொரு கைகாட்டி இருக்கலாம் என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை. 'பக்கத்துத் தெரு' என்றுதான் பலகை சொல்கிறது. பக்கத்துத் தெருவுக்குப் போனால் அங்கே நிற்கும் பலகை 'பக்கத்து ஊர்' என்கிறது. எழுத்தைப் படித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. பாதையை நடந்து பார்ப்பதே சோதனை.

மூன்றாவது, சி.வி.இ.-2024-12747. இதை விளக்க நம் ஊரிலிருந்தே ஓர் உவமை சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. மலை நுழைவாயிலில் நெகிழிப் பொருள் இருக்கிறதா என்றும் வண்டிகளைச் சோதிக்கிறார்கள். சோதனையின்போது வண்டியில் ஒன்றும் இல்லை. அடுத்த வளைவில் வண்டி நிற்கிறது. முன்பே ஒளித்து வைத்த மூட்டை ஏறுகிறது. சோதித்தவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தபோது வண்டி தூய்மையாகத்தான் இருந்தது. பார்த்த நேரம் ஒன்று, வண்டி ஊருக்குள் நுழைந்த நேரம் மற்றொன்று.

ஆர்சிங்க்கில் நடந்ததும் இதுவே. கைகாட்டிகளைத் தொடராமல் விட்டுவிடுவதே அதன் வழக்கமான நடத்தை. ஆகவே ஒரு கோப்பை எடுக்குமுன் 'இது சாதாரணக் கோப்புத்தானே?' என்று பார்க்கிறது. 'ஆம்' என்று தெரிந்தபின் திறக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள கண்ணிமைக்கும் நேரத்தில், அந்தக் கோப்புறையில் எழுத உரிமை உள்ள ஒருவன் கோப்பை எடுத்துவிட்டுக் கைகாட்டியை வைத்துவிட்டால், மேலுரிமையோடு ஓடும் ஆர்சிங்க் அவன் படிக்கக் கூடாததைப் படித்து அவன் கையில் கொடுத்துவிடும்.

பழைய நோய், பழைய மருந்து

இந்த மூன்றாம் வகைப் பிழை புதியதன்று. மாட் பிஷப், மைக்கேல் டில்கர் என்ற இரு கலிபோர்னிய ஆய்வாளர்கள், கோப்புகளைச் சோதிக்கும் நேரத்துக்கும் பயன்படுத்தும் நேரத்துக்கும் இடையிலுள்ள இந்த ஆபத்தைப் பற்றி 1996-இலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். ஆர்சிங்க் பிறந்த அதே ஆண்டு! நோயைப் பற்றிய நூலும் நோயாளியும் ஒரே ஆண்டில் பிறந்து, சந்திக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மருந்தும் இல்லாமல் இல்லை. கோப்பைத் திறக்கும்போதே 'கைகாட்டியாக இருந்தால் தொடராதே' என்று பொருள்படும் ஒரு குறியை இயக்கமுறைக்குத் தரலாம். பெயரை வைத்துச் சோதிக்காமல், முதலில் திறந்துவிட்டு, திறந்த கோப்பையே கையில் பிடித்துக்கொண்டு சோதிக்கலாம். 2012-இல் வந்த லினக்ஸ் 3.6 கெர்னல், எல்லோரும் எழுதக்கூடிய பொதுத் தற்காலிகக் கோப்புறைகளில் அயலார் வைத்த கைகாட்டிகளைத் தொடராமல் தடுக்கும் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. 2020-இல் வந்த 5.6 கெர்னலில், 'இந்தக் கோப்புறைக்குக் கீழே மட்டும் தேடு. வெளியேறினால் மறுத்துவிடு' என்று ஒரே அழைப்பில் சொல்லும் வசதியும் வந்துவிட்டது. மருந்துக்கடையில் மருந்து இருக்கிறது. மருத்துவம் படிப்பவனுக்கு அதன் பெயரைச் சொல்லித் தருவோர் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: திருத்தம் ஒரு மென்பொருளைக் குணப்படுத்தும், பாடம்தான் அடுத்த மென்பொருளை எழுதப்போகிறவனைக் குணப்படுத்தும். அந்த அடுத்தவன் நாமாகவே இருக்கலாம்.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

"இதெல்லாம் கூகுள்காரர்கள் பார்க்க வேண்டியது. மலையடிவாரத்து அரசு கலைக்கல்லூரி மாணவனுக்கு இதில் என்ன வேலை?" என்று விடுதியில் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு விடைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதல் விடை நம் மலையுச்சியில் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஆரப்போக்கில் நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் அங்கேதான் கண்டறிந்தார். இன்றும் அது 'எவர்ஷெட் விளைவு' என்றே உலகெங்கும் வழங்குகிறது. நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் கண்ணாடித் தட்டுகளிலும் பிலிமிலும் சேர்த்து வைக்கப்பட்டன. இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை எண்முறைக்கு மாற்றி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. ஒரு கண்ணாடித் தட்டை மாற்ற விரும்புகிறவன் மலையேறி, கதவைத் திறந்து, பெட்டிக்குள் கைவிட வேண்டும். கோப்பை மாற்ற விரும்புகிறவன் எங்கிருந்தும் முயலலாம். அந்த ஆய்வகத்தில் இத்தகைய குறை நேர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஒரு நூற்றாண்டு உழைப்பு கோப்பாக மாறும்போது, கோப்பை ஏற்றி இறக்கும் மென்பொருளின் நேர்மையும் விஞ்ஞானத்தின் நேர்மையில் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பதையே சொல்கிறேன்.

இரண்டாம் விடை நம் வீடுகளில் இருக்கிறது. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. என்னைப் போன்றோர் நம் வகுப்பில் பாதிக்கு மேல் இருப்பர். முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தந்தையாரின் நிலப் பட்டா ஆகியவை ஒரு காலத்தில் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தன. இன்று அவை கோப்புகள். உதவித்தொகைக்கும் சேர்க்கைக்கும் வேலைக்கும் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. வசதியுள்ளவன் வீட்டில் ஒரு சான்று தொலைந்தால் நான்கு பேரைப் பார்த்து மறுநாளே வாங்கிவிடுவான். நம் தந்தையார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்தேறி, தாலுகா அலுவலக வாசலில் நிற்க வேண்டும். தகரப்பெட்டிக்குப் பூட்டுப் போடத் தெரிந்த குடும்பங்கள் நம்முடையவை. கோப்புக்குப் பூட்டு எது என்று கேட்டுச் சொல்ல வேண்டியவர்கள் அவர்களுடைய பிள்ளைகளாகிய நாமே. வேறு யார் சொல்வார்கள்?

மூல நிரல் திறந்திருப்பது குறையா?

மற்றொரு கருத்தும் நம்மிடையே உலவுகிறது. "ஆர்சிங்க், டபிள்யூகெட் எல்லாம் இலவசம், மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதனால்தான் ஓட்டை. விலைகொடுத்து வாங்கினால் பயமில்லை" என்பது அது. இதை நான் ஏற்கவில்லை.

குறை இருந்தது உண்மை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததும், எல்லோருக்கும் எண்ணிட்டு அறிவிக்க முடிந்ததும், திருத்தத்தை வரிவரியாகப் படித்துப் பார்க்க முடிந்ததும் மூல நிரல் திறந்திருந்ததால்தான். 3.4.0 வந்தபின் அதிலிருந்த சில சிக்கல்களைச் சரிசெய்து 3.4.1 உடனே வந்ததும் எல்லோர் கண்முன்னும் நடந்தது. மூடிய பெட்டிக்குள் குறை இல்லை என்று எப்படிச் சொல்வது? பெட்டியைத் திறந்து பார்க்காதவன் சொல்லும் உறுதி, சீட்டைப் படித்த கணக்குப்பிள்ளையின் உறுதியைப் போன்றதே.

அன்றியும், நம்மைப் போன்ற மாணவர்களுக்கு மூல நிரல் ஒரு பாடசாலை. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. என் பெரியப்பா மகன் தந்த அத்தகைய பழைய மடிக்கணினியில்தான் முதன்முதலாகக் கறுப்புத் திரையில் கட்டளை இட்டுப் பழகினேன். ஒரு பைசா செலவின்றி, உலகின் சிறந்த பொறியாளர்கள் எழுதியதையும், அவர்கள் தவறியதையும், திருத்தியதையும் படிக்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது.

விண்டோஸ் வைத்திருப்போரும் மகிழ்ந்துவிட வேண்டாம். கோப்புகளைச் சுருக்கி அனுப்பப் பலரும் பயன்படுத்தும் 7-ஜிப் மென்பொருளில், ஜிப் கோப்புக்குள் ஒளித்து வைத்த கைகாட்டியின் வழியே வெளிக்கோப்புறையில் எழுதும் குறை (சி.வி.இ.-2025-11001) கண்டறியப்பட்டு, 2025 ஜூலையில் வந்த 25.00 பதிப்பில் திருத்தப்பட்டது. அந்த மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. நம் கைதான் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே, என் சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகளை ஆசிரியப் பெருமக்கள் முன்பும் சக மாணவ மாணவியர் முன்பும் வைக்கிறேன்.

ஒன்று, ஆய்வகக் கணிப்பொறிகளைப் பருவத்துக்கு ஒரு முறையேனும் முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டெபியன் போன்ற தொகுப்புகள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே அதற்குள் திருத்தத்தைச் சேர்த்துவிடும். டெபியன் 12-இல் ஆர்சிங்க் 3.2.7 என்றே தெரிந்தாலும் திருத்தம் சேர்ந்திருக்கலாம். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்து சேர்ந்தனவா என்று பார்ப்பதே சரியான சோதனை. இப்பொறுப்பை மூன்று மாணவர் கொண்ட குழுவிடம் ஒப்படைத்தால் மகிழ்ச்சியோடு செய்வோம்.

இரண்டு, எவரும் நிர்வாகி உரிமையோடு கோப்பு இறக்கக் கூடாது. கணக்குப்பிள்ளையிடம் ஒரே ஓர் அறைச் சாவி மட்டும் இருந்திருந்தால் அந்தச் சீட்டு அவரை எங்கே அழைத்துச் சென்றிருக்கும்? அறியாத இடத்திலிருந்து இறக்குவதைப் புதிதாக உருவாக்கிய வெற்றுக் கோப்புறையில் இறக்குவதும் நல்ல பழக்கம்.

மூன்று, ஆர்சிங்க் சர்வரை நடத்துவோர் பகிரும் கோப்புறையைப் படிக்க மட்டுமே அனுமதிக்க வேண்டும். அதை ஒரு கோப்புறைக்குள் அடைத்து இயக்கும் அமைப்பையும் நிறுத்திவிடக் கூடாது.

நான்கு, இதுவே முக்கியமானது. சிம்லிங்க் என்றால் என்ன என்பது நம் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. விடையை மனப்பாடம் செய்கிறோம், எழுதுகிறோம், மறக்கிறோம். அதற்குப் பதில் ஒரு செய்முறை வகுப்பை ஒதுக்க வேண்டுகிறேன். முதல் மணி நேரத்தில், கைகாட்டியை நம்பி ஏமாறும் ஒரு சிறு நிரலை மாணவன் தன் கணக்கிலேயே எழுதிப் பார்க்கட்டும். இரண்டாம் மணி நேரத்தில் அதையே ஏமாறாத நிரலாகத் திருத்தட்டும். பிறர் கணிப்பொறியில் இதை முயல்வது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம் என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடலாம். பத்துப் பக்கக் குறிப்பு தராத தெளிவை அந்த இரண்டு மணி நேரம் தரும்.

ஐந்து, இந்தியாவில் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்க 2004 முதல் 'செர்ட்-இன்' என்ற அரசு அமைப்பு இயங்கிவருகிறது. மென்பொருள் குறைகளைப் பற்றி அது வெளியிடும் அறிவிப்புகளில் வாரம் ஒன்றைத் தேர்ந்து, தமிழில் சுருக்கி, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். தமிழில் எழுதினால்தான் இயற்பியல் மாணவரும் வணிகவியல் மாணவரும் படிப்பர். அலுவலகப் பணியாளரும் படிப்பர். அவர்களும் கோப்பு அனுப்புகிறவர்கள்தாமே!

முடிவாக...

நம்பக் கூடாது என்பது என் வாதம் அன்று. எவரையும் நம்பாதவன் மலையேற முடியாது. கணிப்பொறியும் நடத்த முடியாது. நம்புமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இந்தக் கைகாட்டியை நட்டவர் யார்? இதைத் தொடரும்போது நான் பயன்படுத்துவது யாருடைய சாவி? நான் சோதித்த நேரத்துக்கும் செயல்படும் நேரத்துக்கும் இடையில் எதுவும் மாறியிருக்கக் கூடுமா?

1983-இல் பரவத் தொடங்கிய ஒரு வசதி, 1988-இலும் 1996-இலும் அறிஞர்கள் எழுப்பிய எச்சரிக்கை, 2014-இல் ஒரு பிழை, 2025-இல் அதே பிழை மறுபடியும். இந்த வரிசையில் அடுத்த ஆண்டு எண்ணை எழுதப்போவது இன்று கல்லூரிகளில் படித்துக்கொண்டிருக்கும் தலைமுறை. அந்த இடம் வெற்றாகவே இருக்கட்டும். அதற்கான வேலையை நம் ஆய்வகத்தின் அடுத்த செய்முறை வகுப்பிலிருந்தே தொடங்குவோம்.